கால்களுக்கு நான் சொன்ன விளக்கம்

எனக்கு ஓவியம் தெரியும் என்று பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பியவனும் நான்தான். பிரெஞ்சு ரெஸ்ரோறன் ஒன்றின் குசினியில் எனக்கு வேலை, ஞாயிறு லீவு. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய மியூசியத்துக்குள் காசில்லாமல் விடுவார்கள். அங்கே வழிகாட்டிகள் விளக்கம் சொல்லும்போது, சப்பாத்து நாடா கட்டுகிறவன் மாதிரிக் கூட்டத்தின் ஓரத்தில் குனிந்து நின்று ஓசியில் கேட்பேன். வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது, நீல நிறம் அந்தக் காலத்தில் ஏன் விலை கூடியது, மூலையில் படுத்திருக்கும் நாய்க்கு என்ன அர்த்தம், எல்லாம் அப்படிப் பொறுக்கிய அறிவு. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களுக்கு இங்குள்ளவர்கள் ஈபிள் கோபுரத்தைக் காட்டி முடித்ததும் அவர்களை என்னிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இரண்டு மணித்தியாலம் வாய் ஓயாமல் பேசுவேன். அவர்கள் படத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, என்னைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு வருடங்கள் கழித்து என் அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தார். கடைசி வாரங்களில் பத்தொன்பது வயது மகனை வன்னியில் பறிகொடுத்தவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கே, எப்படி, உடலுக்கு என்ன நடந்தது என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். சமைத்தார், மாதா கோயில் பூசைக்குப் போனார், பகிடி விட்டால் சிரித்தார். மகனுடைய பெயரை மட்டும் எடுக்கவில்லை. நாங்களாகக் கேட்கப் பயம். ஒருநாள் வாய் திறந்து சொல்லிவிட்டால் மனப்பாரம் கொஞ்சமாவது குறையும் என்று நானும் மனைவியும் காத்திருந்தோம்.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே என்று ஒரு ஞாயிறு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கமான என் சுற்று. அரசர்கள், குதிரைகள், பழக்கூடைகள் எல்லாவற்றைப் பற்றியும் நான் பேசினேன், அக்கா தலையாட்டிக்கொண்டு வந்தார். சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவைத் தாய் மடியில் கிடத்தியிருக்கும் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். சிலுவை அடையாளம் போட்டார். பிறகு இன்னும் ஓரடி கிட்டப் போனார்.

"தம்பி, அந்தக் காலைப் பார். இப்பிடித்தான், கால் மட்டும் வெளியிலை தெரிஞ்சு…"

"ஓம் அக்கா, அதுதான் இதிலை விசேஷம்!" என்று நான் பாய்ந்தேன். எங்கள் பக்கமாக நீட்டிய காலைத் தூரிகையால் கீறுவது எவ்வளவு கஷ்டம், கட்டையாகக் கீறினால்தான் நீளமாகத் தெரியும், உள்ளங்காலில் ஊத்தை பூசியதற்கு அந்த நாளில் எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்றெல்லாம் கையை வீசி வீசிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதில் பெருமையும் புளுகமும் வேறு.

அக்கா முழுவதையும் கேட்டார்.

"ஓ, அப்பிடியோ?" என்றார். பிறகு அடுத்த அறைக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தில் யேசுவின் உடம்பு முழுவதும் தெரிகிறது. கால் மட்டும் வெளியே தெரிய அவரை ஒருவரும் மூடவில்லை. அக்கா சொன்னது யேசுவின் கால்களை அல்ல. அவர் வந்த நாளிலிருந்து நாங்கள் காத்திருந்த பேச்சு வாய்வரைக்கும் வந்திருக்கிறது. அதை நான் என் ஓசி அறிவால் அடைத்துவிட்டேன். இறங்கவேண்டிய இடம் கடந்து போனதையும் கவனிக்கவில்லை.

அன்றைக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. அடுத்த கிழமை, அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தப் படத்தடியிலை என்னவோ சொல்ல வந்தனீங்கள்."

"நானோ? ஒண்டுமில்லை. படத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருப்பன்."

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் மியூசியத்துக்குக் கூட்டிப்போகவில்லை. கேட்டவர்களுக்கு முதுகுவலி என்று சாட்டுச் சொன்னேன். ஆனால் அக்காவிடம் மட்டும் "போவமோ, போவமோ" என்று நச்சரித்தேன். மாதங்கள் கழித்துத்தான் "சரி, வாறன்" என்றார்.

இந்த முறை சுற்று எதுவும் இல்லை. நேரே அந்தப் படத்துக்கே போனோம். வாயைத் திறப்பதில்லை என்று படியேறும்போதே எனக்குள் சத்தியம் செய்திருந்தேன். அக்கா படத்தைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்காமல் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து போனது. காவலுக்கு இருந்த பெண் மாறி வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். சொல்லுங்கோ அக்கா, இன்றைக்குப் பொழுதுபடும்வரை கேட்பேன் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமில்லை. தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்ற கவலைதான் இருந்தது.

"என்னடா தம்பி, பேசாமல் நிக்கிறாய்? அண்டைக்கு எவ்வளவு வடிவாச் சொன்னனீ. அந்தக் காலைப் பற்றி இன்னொருக்காச் சொல்லன், கேப்பம்."