பாதியில் நின்ற பியானோ

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் தங்கையோடு குடியிருந்தேன். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். இந்த லட்சணத்தில் பக்கத்து வீட்டுப் பியானோ வாத்தியார் தினமும் ஒரே இசைத்தட்டைப் போட்டு உயிரை எடுத்தார். தூரத்துச் சர்ச் மணிபோல் பியானோ மெதுவாகத் தொடங்கும். பிறகு வயலின்கள் சேர்ந்து பொங்கும்.

ஒரு நாள் பொறுக்காமல் சண்டைக்குப் போனேன்.

"கோவிக்காதீங்கம்மா," என்றார். "இதை எழுதுன ரஷ்யாக்காரரோட முதல் சிம்பொனியை எல்லாரும் மட்டம்னு திட்டிக் கிழிச்சுட்டாங்க. மனசொடிஞ்சு வருசக்கணக்கா எழுதாமக் கெடந்தாரு. ஒரு டாக்டர் தெனமும் பேசிப் பேசியே தேத்துனாரு. அப்புறம் எழுதுனது இது."

"கதையெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார். ஜெயித்த மிதப்பில் வீடு திரும்பினேன்.

தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ஏன்க்கா பாதியில நிறுத்திட்டாரு?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மாதக்கணக்கில் நான் தொண்டை வற்றப் பேசியதற்கு ஒரு 'ம்' கூடச் சொல்லாதவள்!

பனிமூட்டத்தில் மறுபடி ஓடிக் கதவைத் தட்டினேன். "சார், போடுங்க. கொஞ்சம் சத்தமாவே போடுங்க."

அந்த இசை இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர்களைப் பேசச் சொல்லி நச்சரிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.