தமிழ்மதிக்குப் பால் பழம்

என் தங்கை தமிழ்மதிக்கு வயது இருபத்து நான்கு. இன்றுவரை ஒரு சொத்தைப் பல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர், மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு அவள் பல்லைக் காட்டினார். இனிப்பே ஆகாத பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது.

தாய்ப்பால் குடித்தவரை நன்றாகத்தான் இருந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆறாவது மாதம் அம்மா சிறுமலை வாழைப்பழத்தை மசித்து ஊட்டினாள். அதிலிருந்து வாந்தி. வியர்த்துத் துவண்டுவிடுவாள். எடை ஏறவில்லை. கண் மஞ்சளானது, ஈரல் வீங்கியது. தெம்பு வரட்டும் என்று அம்மா இன்னும் கொஞ்சம் பழம் ஊட்டினாள். கடைசியில் மதுரை டாக்டரம்மா ஒருவர்தான், "பிள்ளைக்கு என்னென்ன ஊட்டுறீங்க?" என்று கேட்டார்.

பழம், சீனி, தேன் எல்லாவற்றிலும் ஃபிரக்டோஸ் என்றொரு சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் நொதி அவள் ஈரலில் பிறவியிலேயே சரியில்லை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதியாக வந்த பழுது. அவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. இனிப்பை நிறுத்திய சில நாளில் வாந்தி நின்றது. சில வாரத்தில் கன்னம் உப்பியது. பின்னாளில் மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது.

இதற்கு மருந்து கிடையாது. தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். இருமல் மருந்தைக்கூடக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்குவோம். அப்படி வளர்ந்தவள் இன்று கொடைரோடு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரபுவிடம் பெண் பார்க்க வந்த அன்றே எல்லாம் சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டில் பால் பழம் கொடுக்கும்போது சீனியும் வேண்டாம், பழமும் வேண்டாம் என்று நானும் சொல்லிவைத்திருந்தேன். பிரபுவின் பெரியம்மா ஜக்கம்மாள் டம்ளரை நீட்டினார். வாயருகே கொண்டுபோன தமிழ்மதி நிறுத்தினாள்.

"அத்தை, பால்ல என்ன விட்டிருக்கீங்க?"

"சீனி ஒரு சிட்டிகை போடலத்தா. உனக்குன்னே மலைத்தேன் வாங்கியாந்து விட்டிருக்கேன்."

"தேனும் ஆகாது அத்தை."

"தேன் மருந்துல்ல? வந்த அன்னைக்கே வேணாங்கிற. ஊரு பாக்குது, ஒரு மடக்கு குடிச்சிரு."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், வெட்கத்துக்கே குடித்திருப்பேன். முன்னால் போனேன். அவள் கண்ணாலேயே என்னை நிறுத்தினாள்.

"குடிச்சிருவேன் அத்தை. ஆனா வலதுகால் வச்சு ஆம்புலன்ஸ்லதான் ஏறணும். பரவால்லையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜக்கம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஏலே பிரபு, இத நீ குடி. அம்புட்டும் குடிக்கணும். ஏத்தா, உனக்கு வெறும் பாலு கொண்டாரேன். பழத்துக்கு என்ன செய்ய? ஒண்ணும் ஊட்டாம விடக் கூடாதே."

"இட்லி இருக்கா அத்தை?"

இட்லி வந்தது. பிரபு ஒரு விள்ளல் ஊட்டினார். அவள் மீதியை முழுசாக அவர் வாயில் திணித்தாள். வீடே சிரித்தது. பிரபுவுக்கு விக்கியது.

"செத்த பொறுங்க, சட்னி கொண்டாரேன்" என்று ஜக்கம்மாள் அடுப்படிக்கு ஓடினார்.