நான்காம் சாட்சி மெஸ் அக்கா

சர்வதேசக் குற்றவியல் சட்டம் படிக்கிறேன் என்று சொன்னால் செய்யூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் இரண்டே பதில்தான். "போலீஸ் வேலையா?" இல்லையென்றால், "அப்ப எங்க பட்டா தகராற தீர்த்துக் குடேன்." போர்க்குற்றம், இனப்படுகொலை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் வேர்க்கடலைக் கொல்லையில் பாதி தூரம் போயிருப்பார். ஊர்தான் அப்படி என்றால், படித்த நாங்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய பல்கலைக்கழகம். முதுகலை இரண்டாம் ஆண்டு, வகுப்பில் ஒன்பது பேர். வருடத்துக்கு ஒருமுறை மாதிரி விசாரணை நடக்கும். இல்லாத நாடு, இல்லாத போர், மீனவர் குப்பத்தை எரிக்கச் சொன்னதாக இல்லாத தளபதி மேல் வழக்கு. ஜெயிக்கும் அணி நெதர்லாந்தில் நடக்கும் போட்டிக்குப் போகும். நான் வழக்குத் தொடுக்கும் தரப்பு. அந்தப் போட்டிக்காகவே இந்தப் படிப்பில் சேர்ந்தவள் நான். ஒருநாள் அங்கே இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலேயே கோட்டு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வெறி.

வழக்கமாக ஜூனியர்கள்தான் சாட்சியாக நடிப்பார்கள். கூண்டில் ஏறியதும் ஈ என்று இளிப்பார்கள். அசல் குப்பத்துக்காரர் ஒருவரையே நிறுத்தினால் நீதிபதி அசந்துவிடுவார் என்று எனக்கொரு யோசனை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யோசனை. ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லி ஊற்றும் அக்கா நெம்மேலிப் பக்கத்துக் குப்பம். அவர் தமிழில் பேசட்டும், வகுப்புத் தோழன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கட்டும். நிஜ நீதிமன்றத்திலும் அப்படித்தானே?

மூன்று நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் பாடம் நடத்தினேன்.

"குடிசை எரியுறப்ப மேட்டுல நின்னு உத்தரவு போட்டவன் இவன்தான்னு கை காட்டணும்க்கா."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சிது?"

"அது கேஸ்ல இல்ல."

"பொகையில மூஞ்சி எப்டி தெரியும் பாப்பா?"

"தெரிஞ்சிதுன்னு சொல்லுங்களேன்!"

"வலையெல்லாம் எடுத்தாங்களா, அதுவும் எரிஞ்சிபோச்சா?"

ஐயோ! அத்தனை தடிமனான வழக்குக் கட்டுக்குள் வலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. உயிரை வாங்குகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விசாரணை நாள். ஏசி வேலை செய்யவில்லை; கறுப்புக் கோட்டுக்குள் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். நடுவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். "நான்காம் சாட்சி" என்று கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கும் மகாராசன் சும்மா இருந்திருக்கலாம். உறுதிமொழியைக் கடவுள் பேரில் தமிழாக்கி, கணீரென்று சொல்லிக்கொடுத்தான். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பார்த்ததை மட்டும் சொல்வதாகச் சத்தியம் செய்தார். அடடா, இதல்லவா சாட்சி என்று எனக்குப் பெருமை வேறு.

"மேட்டில் நின்றவர் இந்த அறையில் இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

தளபதியாக உட்கார்ந்திருந்த மாணவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் பாக்கல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இன்னாத்த யோசிக்கிறது? சத்தியம் வாங்கிக்கினீங்க. நான் எவனையும் பாக்கல. இந்தப் பாப்பாதான் மூணு நாளா சொல்லிக் குட்த்துது."

பாவி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் துறையில் பெருங்குற்றம். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எதிர் அணி நெதர்லாந்துக்குப் போனது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் மெஸ்ஸின் பின்பக்கம் போனேன். அக்கா இட்லித் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நடிப்புன்னு எத்தன தடவ சொன்னேன்! என் மானமே போச்சு, போட்டியும் போச்சு!"

"நடிப்புன்னா சத்தியம் எதுக்கு வாங்குனீங்க?"

"அது சும்மாக்கா! இல்லாத ஊரு, இல்லாத ஆளு. பொய் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"எங்க தெருவுல ஒரு சண்ட. ஒரு ஆளு செத்துட்டாரு. நெஜ கோர்ட்டுல என்னை ஏத்துனாங்க. இவன்தான் வெட்டுனான்னு சொல்லுன்னு எங்க ஆளுங்களே சொல்லிக் குட்த்தாங்க. நான் பாக்கல. ஆனா சொன்னேன். அவன் இன்னும் உள்ளதான் கீறான். அவன் பொண்டாட்டி பக்கத்து வூடு. தெனம் தண்ணி புடிக்கசொல்லோ பாக்குறேன்."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மூன்று நாள் மூச்சுவிடாமல் பேசியவள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நீதான் சட்டம் படிக்கிறியே. இப்ப போயி, அன்னிக்கு நான் சொன்னது பொய்யின்னு சொன்னா அவன வுட்ருவாங்களா? எங்க போயி சொல்லணும்?"

படை செய்த குற்றத்துக்குத் தளபதியின் பொறுப்பு என்ன என்று கேட்டிருந்தால் பத்து நிமிடம் நிறுத்தாமல் சொல்லியிருப்பேன்.

"தெரியலக்கா" என்றேன்.