காளைக்கன்றுக்குப் பாலில்லை

கப்பலேறி வந்து குடியேறிய சிராங்கூன் ரோட்டில் எங்கள் வீடும் மாட்டுக்கொட்டகையும் ஒரே கூரைக்குக் கீழ்தான். இடையில் ஒரு பலகைத் தட்டி. சாணி, மூத்திரம், மாடுகளுக்கென்று ஆலையிலிருந்து வாங்கிக் குவித்த அன்னாசித் தோல் புளிக்கும் நாற்றம், எல்லாம் சோற்றில் ஏறும். பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவேயில்லை.

என் கணவர் பால் வியாபாரி. ஈன்ற பசுவின் மடியைப் பார்த்துத்தான் பொலிகாளை வாங்குவார். அதற்குப் பிறக்கும் கிடாரிகளில் நன்றாகக் கறப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கசாப்புக்குத் தள்ளுவார். முதன்முதலில் மாட்டைக் கட்டிப்போட்ட ஆதி மனிதனும் இப்படித்தான் பொறுக்கியிருப்பான், வயிற்றைக் கழுவ வேண்டுமே. அதில் எனக்குக் குறையில்லை. காளைக்கன்று பிறந்தால் அவர் செய்ததைத்தான் பார்க்கச் சகிக்காது.

அதற்குப் பால் விடமாட்டார். மூலையில் கட்டிப்போட்டால் கத்திக் கத்தி ஒருநாள் அடங்கிவிடும். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, தாயின் முன்னால் நிறுத்துவார். ஈ மொய்க்கும் அந்தத் தோலைப் பசு நக்கிக்கொடுக்கும். நக்க நக்க மடி சுரக்கும். அந்தப் பாலைத்தான் ஊருக்கெல்லாம் ஊற்றினோம். நான் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை.

"பாவமுங்க," என்றேன் ஒருநாள்.

"கிடாரின்னா வளக்கலாம். காளங்கன்னு பால் கறக்குமாடி?" என்றார்.

அதே வாய் வீட்டு விஷயமென்றால் மாற்றிப் பேசும். எனக்கு ஏற்கெனவே இரண்டும் பெண்கள். மறுபடி வயிறு தெரிந்ததும், இதுவும் பெண்ணென்றால் என்னைப் பிள்ளைகளோடு ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு வேறொருத்தியைக் கூட்டிவரப் போவதாகக் கடைகளில் சொல்லித் திரிந்தார். ஊரில் எனக்கென்று யாருமில்லை.

பெண்தான் பிறந்தது. மருத்துவச்சி சொன்னதும், சாணிக் கையைக்கூடக் கழுவாமல் தட்டியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இவ தேறமாட்டா. வேற பாக்க வேண்டியதுதான்."

பாயில் கிடந்த நான் கையூன்றித் தலையைத் தூக்கினேன்.

"பசுவ மாத்தி என்னங்க பண்றது? காளைய மாத்திப் பாப்போம்லா!" என்று கத்தினேன்.

கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மருத்துவச்சியும்தான். என் கணவர் தட்டியோரத்திலிருந்து தலையை இழுத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் ரோடு முழுக்க அதுவே பேச்சு. அதன்பின் இன்னொருத்தி என்ற சொல்லை அவர் எடுக்கவேயில்லை.

நான் தப்பினேன், என் பெண்களும் தப்பினார்கள். ஆனால் அந்த மனிதரோடுதான் அதற்குப் பிறகும் குடும்பம் நடத்தினேன். அவர் சாகும்வரை, அந்தக் கை மேலே பட்டால் எனக்கு உடம்பு கூசும். பட்ட இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன்.