மினுக்கிக் கொண்டுவந்த கோதுகள்

கைத்துப்பாக்கி திருத்துகிறவனுக்கு முதல் எதிரி துரு இல்லை, வாடிக்கையாளர்.

எண்பத்தைந்தில் இருந்து நாலு வருடம் ஸ்காபரோவில் ஒரு துப்பாக்கித் திருத்தக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தேன். இலக்குச் சுடும் கிளப்காரர் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு போய், வீட்டு பேஸ்மென்ரில் வைத்துத் திரும்பவும் வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். கோதின் அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதில் அடித்தால்தான் வெடி. வெடித்த பிறகு அதில் விழுந்திருக்கும் அடையாளத்தைப் பார்த்து எங்கே பிழை என்று சொல்லுவது என் வேலை. வாடிக்கையாளரோடு மாரடித்த எவருக்கும் இனி நான் சொல்லப்போவது விளங்கும்.

குளிப்பாட்டிக் கொண்டுவந்தவர்

கோர்டன் கிளப்பில் பெரிய ஆள். எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர். நாலைந்து வெடிக்குப் பிறகு தன் ரிவோல்வரின் உருளை இறுகுகிறது, துப்பாக்கியில் பிழை என்று கொண்டுவந்தார். "சுட்ட கோதுகளை அப்படியே கொண்டுவாருங்கள். கழுவவேண்டாம், கழற்றவேண்டாம்" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஐம்பது கோது கொண்டுவந்தார். எல்லாம் பொன் மாதிரி மினுங்கின. மெஷினில் போட்டு உருட்டி மினுக்கி, பழைய பிரைமரைத் தட்டிக் கழற்றி, புதிது பூட்டியிருந்தார். நான் பார்க்கவேண்டிய சாமான் அவர் வீட்டுக் குப்பை வாளியில் கிடந்தது. நாக்கை வழித்துக் கழுவிவிட்டு டொக்டரிடம் நாக்கு நீட்டினவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் குத்தினேன். அவர் உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

"அழுக்குச் சாமானை ஒருவர் கையில் கொடுக்க, நான் என்ன மரியாதை தெரியாதவனா?"

இரண்டு பள்ளம்

பிக்கரிங்கில் இருந்து ஒருவர் வந்தார். முதல் அடிக்கு வெடிக்காதாம், இரண்டாவது அடிக்குத்தான் வெடிக்குமாம். ஊசியைத் தள்ளுகிற ஸ்பிரிங்கை மாற்று என்று கட்டளை. ஒவ்வொரு பிரைமரிலும் இரண்டு பள்ளம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. சுடாத தோட்டா ஒன்றை வாங்கி அடியைத் தடவினேன். பிரைமர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அடிவரைக்கும் அமத்திப் பூட்டவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளுகிறது, இரண்டாவது அடி வெடிக்க வைக்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு குற்றமும் இல்லை.

இதைச் சொன்னதும் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்து, "உங்கள் நாட்டுச் சண்டையில் பழகினீர்களோ?" என்றார். நான் யாழ்ப்பாணத்தில் லேத் மெஷினில் நின்றவன். துப்பாக்கிக்குப் பயந்து பிளேன் ஏறினவன். எனக்கு உச்சந்தலை கொதித்தது. முன் கவுண்டரில் நின்ற ராசன் அண்ணைதான் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

"விடும் ஐசே. தன்ரை விரலாலை தோட்டாவைத் தடவிப் பாக்கத் தெரியாதவன், உம்மடை ஊரை விசாரிக்கிறான்."

டின் மட்டும்தான் புதிது

கோர்டன் திரும்பவும் வந்தார். இந்த முறை பையின் மூலையில் மூன்று கோதுகள் மினுக்குப்படாமல் தப்பிக் கிடந்தன. பிரைமரின் விளிம்பு நசிந்து தட்டையாகப் பரவியிருந்தது. ஊசி அடித்த பள்ளத்தைச் சுற்றிக் கிணற்றுக்கட்டு மாதிரி தகடு எழும்பியிருந்தது. வெடியின் அமுக்கம் கூடினால் இப்படி வரும், ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மெல்லிய பிரைமரும் இப்படிக் காட்டும். அதனால் கடையில் வாங்கிய புதுத் தோட்டாக்களை அதே ரிவோல்வரில் சுட்டுப் பார்த்தோம். விளிம்பு உருண்டையாக, கட்டு எழும்பாமல் இருந்தது. ஆகவே துப்பாக்கியில் பிழை இல்லை, அவர் போட்ட மருந்துதான் கூடிப்போயிருக்கிறது. மருந்தை மாற்றினீர்களா என்று கேட்டேன். "டின் மட்டும்தான் புதிது, வேறு வகை. அளவு முப்பது வருடமாக என் பழைய அளவுதான்" என்றார் பெருமையாக. "என் மனைவியும் இதைத்தான் சுடுகிறாள், ஒரு முறைப்பாடும் இல்லை."

ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு அளவு, எல்லாத் தோட்டாவையும் பிரித்துக் கொட்டுங்கள் என்று கத்தியே விட்டேன். அவர் கோபித்துக்கொண்டு கார் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். 'இந்தத் தோட்டாக்களைச் சுடவேண்டாம்' என்று அவருக்குக் கொடுக்கிற திருத்தத் துண்டில் பெரிதாக எழுதினேன். முதலாளி ஸ்டான் அதைக் கிழித்துவிட்டு அந்த வரி இல்லாமல் வேறு துண்டு எழுதினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ சொன்னால் அந்த ஆள் சுடாமல் விடப்போவதில்லை. வேறு கடைக்குப் போவார், இதையேதான் சுடுவார், அவ்வளவுதான்."

டொரீனின் கண்ணாடி

இரண்டு மாதம் கழித்து கோர்டனின் மனைவி டொரீன் தனியாக வந்தார். இடது கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே பிளாஸ்டர். கவுண்டரில் தன் பாதுகாப்புக் கண்ணாடியை வைத்தார். ஒரு வில்லை கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. பிறகு கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு கோதை எடுத்தார். மினுக்காத கோது. "கோர்டன் இதையும் மெஷினில் போடப் பார்த்தார். நான் விடவில்லை" என்றார்.

பிரைமரின் நடுவில் ஓட்டை. சுற்றிவர எரிந்திருந்தது. அந்த ஓட்டையால்தான் நெருப்புக் காற்று பின்பக்கமாகப் பாய்ந்திருக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும். பூதக்கண்ணாடியில் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். எனக்கு அப்போதே தெரியும், நீங்களும் இதைச் சுடுவதாகக் கோர்டன் சொன்னார், எழுதினேன், கிழித்துவிட்டார்கள் என்று ஸ்டான் நிற்கத்தக்கதாகவே சொன்னேன். என் பக்க நியாயத்தைச் சொல்லுகிற சந்தோசத்தில் குரல்கூட உயர்ந்துவிட்டது. அவர்கள் வீட்டு ரெலிபோன் நம்பர், கிழிக்காத துண்டிலும் இருந்தது. டொரீன் ஸ்டானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நானும் இதைத்தான் சுடுகிறேன் என்று தெரிந்துகொண்டு, இரண்டு மாதமும் யாரில் கோபமாக இருந்தீர்கள்?"

நாலு வருடத்தில் ஆயிரம் பிரைமர் பார்த்துப் பிழை கண்டுபிடித்த எனக்கு, ஒரு ரெலிபோனைத் தூக்கி ஏழு இலக்கம் சுழற்றுகிற வேலைதான் கடைசிவரை பிடிபடவில்லை.