பாத்தினா கடற்கரைக் கிணறும் என் துவரம்பருப்பும்

ஓமானுக்குப் போகும் வழியில் பசி தாங்காமல் வண்டியை நிறுத்தி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் நான் சாம்பார் வைத்துச் சாப்பிட்டேன் என்று என் கொழுந்தன் குடும்பத்தில் ஒரு கதை ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பசியும் இல்லை, நான் வைத்தது சாம்பாரும் இல்லை. அவித்தது வெறும் துவரம்பருப்பு, அதுவும் சாப்பிடுவதற்காக அல்ல. எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய கணவர் காலமாகிவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன். துபாயிலிருந்து ஓமானின் சோஹாருக்குத் தரைவழியே போக நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

எழுபதுகளின் பிற்பாதி. என் கணவர் சாலைப் பொறியாளர், நாங்கள் துபாயில் தேராப் பகுதியில் குடியிருந்தோம். கம்பெனி அவரைச் சோஹார் பக்கத்து வேலைக்கு அனுப்பி, குடும்பத்தோடு இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டது. முடியாது என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முடிவை அவர் என்னிடம் விட்டார். சனிக்கிழமை காலை அவர் பதில் சொல்லியாக வேண்டும். நான் இடத்தைப் பார்க்கக் கிளம்பியது வெள்ளிக்கிழமை.

என் நிபந்தனை ஒன்றுதான். தேராவில் எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீர் தனி, பருப்பு தனி. இன்னொரு முறை அப்படி ஒரு ஊரில் குடித்தனம் நடத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். நான் காவிரிக் கழிமுகத்துப் பெண், நாகப்பட்டினத்துக்காரி. கடல் தெரிகிற தூரத்தில் கிணறு வெட்டினால் உப்புத்தான் வரும் என்பது எங்களுக்குப் பிறவி அறிவு. ஆனாலும் கான்வென்ட்டில் விஞ்ஞானம் நடத்திய சிஸ்டர், செய்து பார்க்காத எதையும் எங்களை எழுத விட்டதில்லை. ஒரு பொட்டலம் துவரம்பருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குக் கம்பெனி பிக்கப் வந்தது. ஓட்டுநர் சாகுல், அதிராம்பட்டினத்துக்காரர். பின்னால் வீரப்பன், புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார், லீவு முடிந்து கேம்ப்புக்குத் திரும்புகிறவர். கட்டணம் கம்பெனி செலவு என்பதால் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதவும் மாட்டேன். தைத், மசாஃபி வழியாக மலையைக் கடந்து ஃபுஜைரா சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே சோஹார் ஏறக்குறைய தொண்ணூறு.

ஃபுஜைரா தாண்டியதும் நிலம் மாறுகிறது. இடது கையில் கடல், வலது கையில் கருத்த மலை, நடுவே தட்டையான பாத்தினாச் சமவெளி. மலையிலிருந்து வருகிற ஓடைகளை வாதி என்கிறார்கள். வருடத்தில் பெரும்பாலும் வெறும் கூழாங்கல் படுகைதான். ஒவ்வொன்றும் கடலை நெருங்கும்போது விசிறிபோல் விரிகிறது. விசிறியின் ஓரத்தில், கடலை ஒட்டி, பேரீச்சந் தோப்பு. வறண்ட மண்ணுக்கு நடுவில் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஷினாஸ் தாண்டி ஒரு வாதியில் நின்றோம். தலைக்கு மேல் துளி மேகம் இல்லை, சாலையின் குறுக்கே மட்டும் செங்காவித் தண்ணீர் பாய்ந்தது.

"மலையில மழை பேஞ்சிருக்குக்கா. இப்ப எறங்குனா வண்டியோட கடலுக்குத்தான் போவோம்" என்றார் சாகுல்.

"அண்ணே, என் லீவு நேத்தே முடிஞ்சு போச்சு. கடல் வழியா போனாலும் சரி, டூட்டிக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுங்க" என்றார் வீரப்பன்.

மணி பதினொன்று. சாகுல் வண்டியைக் கடற்பக்கம் திருப்பி, தனக்குத் தெரிந்த ஒரு மீனவர் ஊருக்குக் கொண்டுபோனார். ஓலை வீடுகள். ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். மரியம் என்ற பெண், அந்தப் பக்கத்துப் பெண்கள் அணிகிற நீல முகமூடியோடு, எங்களுக்குப் பேரீச்சம்பழமும் ஏலக்காய் காபியும் கொடுத்தாள். வீட்டை ஒட்டிய தோப்பில் கிணறு. அலை நுரை அங்கிருந்து தெரிந்தது.

"நம்ம கேம்ப் டேங்கர் இங்கதான்கா தண்ணி ரொப்பும்" என்றார் சாகுல்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீரா என்று எனக்குச் சோர்வாக இருந்தது. ஆனாலும் சோதனை சோதனைதான். மரியத்திடம் பானையும் அடுப்பும் கேட்டு, பாதிப் பருப்பைக் கழுவிப் போட்டேன். மீதியை எடுத்துவைப்பது என் வழக்கம். பிறகு கடலைப் பார்க்க நடந்தேன். ஈச்ச மட்டைகளைக் கட்டிச் செய்த படகுகள் மணலில் கிடந்தன. அவற்றுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகுமாம், இருந்தாலும் மிதக்குமாம்.

திரும்பி வந்து, கொதி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, பருப்பை எடுத்து விரலால் நசுக்கினேன். கல். இன்னும் அரை மணி பொறுத்தேன். அப்போதும் கல்.

"சரி தம்பி, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றேன்.

வீரப்பன் விடவில்லை. "வெந்தா என்ன, வேகாட்டி என்ன, குடுங்கம்மா" என்று ஒரு கிண்ணம் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. "என்னம்மா இது, ரசமா?"

கரண்டியை விட்டுத் துழாவினேன். அடியில் கறுப்பாக நாலு உருண்டை. உலர்ந்த எலுமிச்சை! மரியத்திடம் கேட்டுச் சொல்லும்படி சாகுலிடம் சொன்னேன்.

சாகுலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விருந்தாளி பானை வெறுந்தண்ணியில கொதிக்கிறதான்னு அதுதான் போட்டுச்சாம். பாக்குறவுங்க என்ன நெனைப்பாங்கன்னு கேக்குது."

புளிப்பு விழுந்த பானையில் பருப்பு எந்த ஊரில் வெந்திருக்கிறது? சோதனை செல்லாது. மீதிப் பருப்பைப் பைக்குள்ளிருந்து எடுத்தேன்.

"அய்யோ அக்கா! வாதியில தண்ணி எறங்கிடுச்சு. யல்லா, இப்பவே போயிடணும். மறுபடி தண்ணி வந்துச்சுன்னா இன்னைக்கு ராவு இங்கதான். சாருக்கு நாளைக்குப் பதில் வேணும்ல?"

"தப்பான பதிலோடு சீக்கிரம் போய் என்ன தம்பி ஆகப்போகிறது?" என்று பானையைத் தேய்த்துக் கழுவினேன்.

இந்த முறை அடுப்பை விட்டு நகரவில்லை. மரியம் எதிரே உட்கார்ந்து, எலுமிச்சைக் கூடையைத் தன் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாகுல் வண்டிக்கும் அடுப்புக்குமாக நடந்தார். முக்கால் மணியில் பருப்பு மலர்ந்தது. ஒன்றை எடுத்து மரியத்தின் உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டினேன், வெண்ணெய்போல் குழைந்தது. அவளுக்கு ஏன் என்று புரிந்திருக்காது. ஆனாலும் கைதட்டினாள்.

மலை மழை கூழாங்கல்லுக்குள் இறங்கி, மண்ணுக்கடியிலேயே நடந்து, கடல் வாசலில் கிணறாக எட்டிப் பார்க்கிறது. தோப்பின் பச்சைக்கும் அதுதான் காரணம். என் பிறவி அறிவு நாகப்பட்டினத்துக்கு மட்டும் செல்லுபடியானது.

கணுக்கால் ஆழத்தில் வாதியைக் கடந்தோம். இருட்டத் தொடங்கும்போது கேம்ப் வாசலில் கணவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். வெந்த பருப்பைப் போட்டுக் கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்து நீட்டினேன். ஒரு விரல் எடுத்து ருசித்தார்.

"உப்பே இல்லியே?"

"தண்ணியிலயும் இல்ல" என்றேன். மறுநாள் காலை சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் என்று போனது ஒன்பது வருடம் ஆயிற்று. நல்ல வருடங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் போங்கள். வானம் தெளிவாக இருந்தாலும் மலைப்பக்கம் பார்த்துவிட்டு வாதியில் இறங்குங்கள்; தண்ணீர் ஓடினால் காத்திருங்கள், முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். காபி கொடுத்தால் மறுக்காதீர்கள். அடுப்பில் எதையாவது வைத்தால் பக்கத்திலேயே இருங்கள்.

மோட்டார் வைத்து அதிகம் இறைத்ததால் அந்தக் கரையில் பல கிணறுகளுக்குள் கடல் ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்பதை வைத்து நான் எதையும் நம்புவதில்லை. ஷினாஸுக்குத் தெற்கே போகிறவர்கள், கடலோரத் தோப்பு ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நல்ல தண்ணீரா, உப்பா என்று கீழே கருத்துப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். இமோஜிப் படக்குறி வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும்.