இடக்கதவு என் பாதி

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் என் பக்கத்து வீட்டு ஹஃபிஸ் தினமும் காலையில் செடிக்கு நல்ல தண்ணீரும், தன் பழைய பிக்அப்புக்கு உப்புத் தண்ணீரும் தெளிக்கிறார். முதல் நாள் பார்த்தபோது வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று பதறிப்போய் விசாரித்தேன். கதவைத் தடவிக்காட்டி, "கராட் சந்திக், பாங்!" என்றார். அண்ணே, துரு அழகாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் நாமக்கல்காரன். ஆயுத பூஜைக்குப் பெயின்ட் காணாத லாரியை எங்கள் ஊர் டீக்கடையில் நிறுத்தினால், "முதலாளி தவறிட்டாரா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். நான் இங்கே வந்த புதிதில் பழைய வண்டிப் பிரியர்களும் முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றினார்கள். இப்போது பளபளப்பு பொய்யாகிவிட்டது, துருதான் நிஜமாம்.

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் குணாவும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பிக்அப் அப்படிப்பட்ட நிஜம். பூஜைக்கு முந்தின நாள் அவன் வெளியே போயிருந்தான். என் கை சும்மா இருக்குமா? இடக்கதவைத் தேய்த்து நீலம் அடித்துவிட்டேன்.

திரும்பி வந்தவன் தலையில் கை வைத்தான். "அய்யோ அண்ணே, என்னா செஞ்சி வெச்சிருக்கீங்க!"

"பூஜைக்கு வண்டி அழுக்கா நிக்கலாமாப்பா?"

"அம்பது வருசத்துத் துருலா அது! ஞாயித்துக்கிழமை பழைய வண்டிக் கூட்டத்துல நம்மள சேத்துக்க மாட்டானுங்க. சுரண்டிருங்க, உப்புத்தண்ணி அடிச்சி மறுபடியும் வர வெச்சிடலாம்."

வெளியே மீசையை முறுக்கினாலும் உள்ளே பயம்தான். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே கூட்டம் அது. இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது: "பாதி வண்டி என்னுது. இந்தக் கதவு என் பாதி. சுரண்ட மாட்டேன்."

"அப்ப என் பாதிய தொடாதீங்க!"

ஞாயிறன்று அப்படியே போனோம். ஹஃபிஸ் வந்து நீலத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். வரலாற்றை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். "எங்க ஊர்ல இதுக்குப் பேரு வரலாறு இல்ல பாங், கேக்க ஆளில்லாத வண்டி" என்று பாதி மலாயில், பாதி கையாட்டலில் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, நகர்ந்து இடம் விட்டார். குணா வாயைப் பொத்திச் சிரித்தான்.

வண்டி இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. சாலையின் இடப்பக்கம் நிற்பவர்களுக்கு நான் நேற்று வந்து இறங்கியவன். வலப்பக்கம் நிற்பவர்களுக்கு ஐம்பது வருடமாக இங்கேயே கிடப்பவன். ஹாரன் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கட்டும் என்று பலமாக அடிக்கக் குணாவிடம் சொல்லியிருக்கிறேன்.